தன்வரலாற்று ஆவணப்படம்: 'வாழ்க்கை வரலாற்றுப் படம்' வேறு

மூத்த இயக்குநர் ஒருவர் தம் வாழ்க்கையையும் தொழிலையும் தாமே திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுக்கிறார். இங்கே சிங்கப்பூரில் அதைத் திரையிடும்போது தமிழ் அறிவிப்பில் 'வாழ்க்கை வரலாற்றுப் படம்' என்று போட்டுவிடுகிறார்கள். அச்சில் பலமுறை பார்த்தாயிற்று. அண்மையில் மேடையிலும் அதையே சொல்லக் கேட்டேன். இது தவறு. தன்வரலாற்று ஆவணப்படம் என்பதே சரி.

டாக்குமென்டரி என்ற சொல்லின் வேர் லத்தீன். கற்பித்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பாடம், சான்று என்னும் பெயர்ச்சொல் பிறந்தது. 1926இல் திரை விமர்சகர் ஜான் கிரியர்சன் 'மோவானா' படத்தைப் பற்றி எழுதியபோது அதைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஆங்கிலத்தில் திரைச்சொல்லாக நிலைத்தது. தமிழில் ஆவணப்படம். ஆவணம் பழைய சொல். அகநானூற்றின் 77ஆம் பாட்டில் குடத்தின் பொறியை உடைத்து ஓலை எடுக்கும் 'ஆவண மாக்கள்' வருகிறார்கள். சுந்தரரின் திருமணத்தை நிறுத்திய முதியவர் கையில் இருந்ததும் ஆவணம்தான். நம் ஊரிலும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சரி, இந்தப் பாதியில் சிக்கல் இல்லை.

சிக்கல் மற்றப் பாதியில். வாழ்க்கை வரலாறு என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வது. 'நடிகையர் திலகம்' (2018) வாழ்க்கை வரலாற்றுப் படம். சாவித்திரியாகக் கீர்த்தி சுரேஷ் நடித்தார். 'பாரதி' (2000) படமும் அப்படியே. பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் 'வர்தா பை ஆக்னஸ்' (2019) அந்த வகையா? அதில் வர்தாவாக யாரும் நடிக்கவில்லை. தொண்ணூறு வயதில் அவரே மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தம் படங்களைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுகிறார். அறிவிப்பைப் பார்த்து வருகிறவர், யாரோ ஒரு நடிகை வர்தாவின் இளமையை நடித்துக் காட்டப் போகிறார் என்று எதிர்பார்ப்பார். அவரை ஏமாற்றுவது படம் அல்ல, நம் தமிழ்.

சிலர் 'சுயசரிதைப் படம்' என்கிறார்கள். யார் சொல்வது என்பதாவது இதில் சரியாக இருக்கிறது. ஆனால் தன்வரலாறு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது சுயத்தையும் சரிதையையும் ஏன் கடன் வாங்க வேண்டும்? தூய்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சரிதை என்றதும் பிறப்பு, பள்ளி, திருமணம் என்று வரிசையாகப் போகும் கதைதான் மனத்தில் வரும். வர்தா அப்படிப் போகவில்லை. ஊக்கம், படைப்பு, பகிர்வு என்ற மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். வரலாறு என்பதோ வரல், ஆறு இரண்டும் சேர்ந்தது. ஆறு என்றால் வழி, வந்த வழி. தொழிலில் தான் வந்த வழியைச் சொல்லும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? 'தற்படம்' என்றும் ஒருவர் சொன்னார். அது செல்ஃபிக்குப் போய்விட்ட சொல். இங்கே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவர் கைக்கு வருவது ஆங்கிலத்தில் ஒற்றை வரி. படத்தை யாரும் காட்டுவதில்லை. நான்கு மொழி அறிவிப்பில் தமிழ் கடைசியில், கடைசி நேரத்தில் சேர்கிறது. ஆனாலும் எடுத்தவர் யார், படத்தில் வருபவர் யார் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அதைக்கூடக் கேட்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இயக்குநர் தம்மைப் பற்றித் தாமே எடுத்தால் தன்வரலாற்று ஆவணப்படம். அவரைப் பற்றி இன்னொருவர் எடுத்த ஆவணப்படமானால் வாழ்க்கை வரலாற்று ஆவணப்படம். நடிகர்களை வைத்துக் கதையாக எடுத்தால் மட்டும் வாழ்க்கை வரலாற்றுப் படம். சுவரொட்டியில் இடம் போதவில்லையென்றால் 'ஆவணப்படம்' என்று மட்டும் போடுங்கள், அப்புறம் இயக்குநர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.