தென்மேற்கிலிருந்து வருவது மழையா, காற்றா?

மே மாதக் கடைசியில் ஒரு நாள், மலேசியாவின் பினாங்கில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது கடை வானொலியில் செய்தி ஓடியது: "தென்மேற்குப் பருவமழை தொடங்குவதால் செப்டம்பர் வரை மழை குறையும், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்." எதிரே ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்த நண்பர் நிமிர்ந்தார். "மழை ஆரம்பிச்சா எப்படிங்க மழை குறையும்?"

நியாயமான கேள்வி. இதை நான் வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மான்சூன் என்ற சொல்லைத்தான் வானொலியில் பருவமழை என்று பெயர்க்கிறார்கள். அந்த மான்சூனுக்குப் பூர்வீகம் அரபு. மௌசிம் என்றால் பருவம். கடலோடிகளுக்கு அது கப்பல் விடுவதற்கான காலம். போர்த்துக்கீசியர் வாயில் அது மொன்சாவ் ஆகி, பிறகு ஆங்கிலத்தில் மான்சூன் ஆனது. அதே மௌசிம்தான் மலாயில் மூசிம். டுரியான் பழக் காலத்தை டுரியான் மூசிம் என்று நாம் சொல்வதும் இந்த அரபுச் சொல்லைத்தான். இந்த வழி நெடுக எங்கேயும் மழை இல்லை. பருவத்துக்குப் பருவம் திசை மாறும் காற்றுக்குத்தான் இந்தப் பெயர்.

ஆகவே தமிழில் அது பருவக்காற்று. (பருவம் தமிழா, வடமொழிப் பர்வனா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) இலங்கைத் தமிழர்கள் பருவப்பெயர்ச்சி என்கிறார்கள். காற்று திசை பெயர்வது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம்மவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிறகு இந்தப் பருவமழை எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டிலிருந்து. அங்கே அது பொருந்தும். அக்டோபரில் வடகிழக்குக் காற்று திரும்பினால் சென்னையில் குடை விரியும். காற்றும் மழையும் சேர்ந்தே வருவதால் ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைத்தாலும் குடி முழுகாது. இங்கே முழுகும். அதே வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைக் கிழக்குக்கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானுவில் கொட்டித் தீர்த்துவிட்டு, தித்திவாங்சா மலையைத் தாண்டிப் பினாங்குக்கு வரும்போது கை வீசிக்கொண்டு வருகிறது. நமக்கு ஜனவரி, பிப்ரவரிதான் ஆண்டிலேயே வறண்ட மாதங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவரிடம், சுடும் தார்ச்சாலையைக் காட்டி, "இது வடகிழக்குப் பருவமழைக் காலம்" என்று சொல்லிப் பாருங்கள்.

தென்மேற்கின் கதையும் அதேதான். அந்தப் பக்கம் சுமத்ராவின் மலைகள் மறிக்கின்றன. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி அடிக்கும் சுமத்ரா புயல்காற்று மழை கொண்டுவரும், உண்மைதான். ஆனால் மொத்தத்தில் நாட்டுக்கு அது வறண்ட காலம். அந்தக் காற்றில்தான் சுமத்ராவில் எரியும் காட்டின் புகை நம் ஊருக்கு வருகிறது. 2015இல் புகைமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அதையும் பருவமழை கொண்டுவந்தது என்று எழுதுவார்களா? மழை பெய்தால் புகை அடங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மக்களுக்குப் பழகிவிட்டது, விடுங்கள்" என்பார்கள். எந்த மக்களுக்கு? கோலாலம்பூரில் பிற்பகல் இடி இடித்து, அரை மணி நேரத்தில் சாலை ஆறாகும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும் மலாய் வானிலை அறிக்கையில் 'பெராலிஹான் மொன்சுன்' என்றிருக்கும். பருவக்காற்று திசை மாறும் இடைக்காலம் என்று பொருள். அதை ஒருவர் 'பருவமழை மாற்றம்' என்று எழுதியிருந்தார். மழை எதுவாக மாறுகிறதாம்? மொழிபெயர்ப்பவர் சன்னலைத் திறந்து வெளியே பார்ப்பதில்லை. சென்னையில் அச்சான அகராதியைத்தான் திறக்கிறார். காற்றுக்குத் திசைவாரியாக வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று நான்கு பெயர் வைத்த மொழிக்கு இந்தக் கதி.

பருவமழை கெட்ட சொல் இல்லை. அதற்கும் இந்நாட்டில் வேலை இருக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் கிழக்குக்கரை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் படகைக் கரையேற்றி வைக்கும் அடைமழைக் காலத்துக்கு மலாயில் தெங்குஜூ என்று பெயர். பருவமழை என்றால் அதுதான், அச்சு அசல். போன நவம்பரில் அதே வானொலி தெங்குஜூவை எப்படிச் சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்டேன். 'வெள்ளக்காலம்' என்றார்கள்.