பாலிடாக்சின்: இந்தப் ‘பாலி’ எந்தப் பாலி?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும்போது ‘சோவா’, ‘பாலி’ என்ற இரண்டு செல்லப் பெயர்கள் அடிக்கடி காதில் விழும். பாறைத் துண்டின்மேல் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவு வட்டங்களாக மலர்ந்து நிற்கும் உயிர்கள் அவை. வட்டத்தின் ஓரம் முழுக்கக் குட்டைக் குட்டையான உணர்கொம்புகள் இருக்கும். விரல் பட்டால் சட்டென்று மூடிக்கொண்டு, வழவழப்பான குமிழ் மட்டும் மிஞ்சும். எளிதில் சாகாது, வேகமாகப் பரவும். அதனால்தான் புதிதாகத் தொட்டி வைப்பவர் கைக்கு இது முதலில் வந்து சேர்கிறது. இவற்றில் சில இனங்களின் உடம்பில் இருக்கும் நஞ்சுக்குப் பெயர் பாலிடாக்சின்.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதியதும் ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. பாலிதீன், பாலியெஸ்டர் எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள். அவற்றில் உள்ள ‘பாலி’ கிரேக்க மொழியில் ‘பல’ என்று பொருள்படும். பவளத்தின் ஒவ்வொரு வட்டத்தையும் பாலிப் என்கிறோமே, அதிலும் அதே ‘பாலி’தான், ‘பல கால்கள்’ என்பது அதன் மூலப்பொருள். ஆனால் பாலிடாக்சினில் வருவது வேறு. பாலித்தோவா என்பது இந்த உயிர்களில் ஒரு பேரினத்தின் பெயர். அந்தப் பெயரின் தலையை எடுத்து டாக்சினோடு ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் poly, paly என்று இரண்டும் வேறு வேறாகத் தெரியும். நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இதை ‘பன்னச்சு’ என்று மொழிபெயர்த்தால் பிழை. ‘பாலித்தோவா நஞ்சு’ என்பதே சரி.

‘டாக்சின்’ பகுதிக்கு இன்னும் பழைய கதை உண்டு. கிரேக்கத்தில் ‘டாக்சோன்’ என்றால் வில். வில்லுக்குரியது, அதாவது அம்பு முனையில் தடவும் நஞ்சு என்ற பொருளில் ‘டாக்சிகோன்’ வந்தது. பிறகு வில்லும் அம்பும் மறைந்து நஞ்சு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

இந்த நஞ்சைப் பொறுத்தவரை அந்தப் பழைய பொருள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. ஹவாய் தீவுகளில், மாவி தீவின் ஹானா பகுதியில் ஒரு கடலோரக் குட்டையில் வளர்ந்ததை அங்குள்ள மக்கள் ‘லிமு மாகே ஓ ஹானா’ என்றார்கள். லிமு என்றால் கடற்பாசி, மாகே என்றால் சாவு. ஹானாவின் கொல்லும் பாசி. அதை ஈட்டி முனையில் தடவினால் சிறு காயமும் உயிரை எடுக்கும் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அது பாசியே அல்ல, பாலித்தோவா என்று தெரிந்தது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மூர், ஷாயர் இருவரும் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். 129 கரி அணுக்கள் கொண்ட அந்தப் பெரிய மூலக்கூறின் அமைப்பு தெளிவாக 1981 வரை ஆயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? இந்த உயிர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள ‘சோவாந்திட்’ என்ற பொதுப்பெயரைப் பிரித்தால் விலங்கு, பூ என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் கிடைக்கும். ‘பூவுயிரி’ என்று அழகாக ஆக்கலாம்தான். ஆனால் அதே இரண்டு சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட்டால் ஆந்தோசோவா என்று ஒரு பெரிய வகுப்பின் பெயரே வந்துவிடும். பவளங்களும் கடல் சாமந்திகளும் எல்லாம் அதற்குள்தான் அடங்கும். பூவுயிரி அதற்கே பொருந்தும். சோவாந்திட்டை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

அன்றாடப் பேச்சுக்கு ‘நச்சுப்பவளம்’ போதும். கல் எலும்புக்கூடு கட்டாத உயிரைப் பவளம் எனலாமா என்று அறிவியல் படித்தவர்கள் கேட்பார்கள். வழக்கில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் தயக்கம் இல்லை. பவளம் என்றதும் நமக்கு நவமணிதான் நினைவுக்கு வருகிறது. பழைய இலக்கியத்தின் ‘துகிர்’ என்ற சொல்லும் அணிகலனைத்தான் காட்டும். பவளம் என்ற சொல்லில் அச்சத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் முன்னால் ‘நச்சு’ கட்டாயம் வேண்டும். மருந்து மருத்துவம் ஆவதைப்போல நஞ்சு இங்கே நச்சு ஆகிறது. நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் தமிழில் பொருள் உண்டு. நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். இந்த உயிர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பொருளும் சேர்ந்தே தோன்றும்.

ஆபத்து எங்கே வருகிறது? தொட்டிக்குள் அதுபாட்டுக்கு இருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. நாம் கைவைக்கும்போதுதான் வருகிறது. நம் செல்களின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று உண்டு. அதன் உள்கதவும் வெளிக்கதவும் மாறி மாறித்தான் திறக்க வேண்டும். பாலிடாக்சின் இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்துவிடுகிறது. தசை, இதயம், நரம்பு எல்லாம் அந்தப் பம்பை நம்பி இருப்பவை. மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளைக் கவனித்து உடம்பைத் தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை.

மிகவும் மோசமானது வெந்நீர். பாறையில் மண்டிவிட்ட பாலியை ஒழிக்கக் கொதிநீரை ஊற்றுகிறார்கள், அல்லது பாறையையே வேகவைக்கிறார்கள். வேகவைத்தால் எந்த நஞ்சும் செத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. நஞ்சு ஆவியோடும் நுண்துளிகளோடும் அறைக்குள் பரவி, பக்கத்தில் இருப்பவர்களின் நுரையீரலுக்குப் போகும். உலர்ந்த பாறையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் நீரைப் பீய்ச்சி அடிப்பதும் இதே வகை. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் இப்படி மூச்சுவழிப் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. துண்டு வெட்டும்போது பாலிப் சில நேரம் நீரைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியும் ஏறும். எல்லாச் சோவாந்திட்டிலும் நஞ்சு இல்லை என்பது உண்மை. ஆனால் எதில் உண்டு, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எனவே கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவேண்டாம். வெட்டுவதாக இருந்தால் நீருக்குள் வைத்தே வெட்டுங்கள். குழந்தைகளும் நாய், பூனைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பயன்படுத்திய கருவிகளைத் தொட்டிக்கு வெளியே, நீர்த்த பிளீச்சில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிளீச் இந்த நஞ்சைச் சிதைக்கும்.

வேலை முடிந்த சில மணி நேரத்தில் வாயில் உலோகச் சுவை, இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல், தசைவலி வந்தால் சாதாரண ஃப்ளூ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போனதும் பவளத்தைக் கையாண்டதைச் சொல்லுங்கள். அங்கே ‘நச்சுப்பவளம்’ வேண்டாம். ‘பாலிடாக்சின்’ என்ற சொல்லையே சொல்லுங்கள், முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் தேடிப் பார்க்க அந்தச் சொல்தான் உதவும்.