நாயைக் காக்கப் போய் நீங்கள் கைதாகாதீர்கள்

நாயை அடித்தவன் கை உடைந்து மருத்துவமனையில் கிடக்கிறான். நாயை வளர்த்தவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு வழக்கு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அது எங்க பிள்ளை மாதிரி சார், பிள்ளைய அடிச்சா சும்மா விடுவோமா?"

விடமாட்டீர்கள், புரிகிறது. ஆனால் சட்டத்தில் அது உங்கள் பிள்ளை இல்லை, உங்கள் சொத்து. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு தருகிற தற்காப்பு உரிமை இரண்டுக்கு மட்டும்தான்: ஒன்று மனித உடல், இன்னொன்று சொத்து. நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் அசையும் சொத்தில் அடங்கும். நாயைத் திருட வந்தாலோ, அதைக் கொல்லவோ ஊனமாக்கவோ முயன்றாலோ, தடுக்கத் தேவையான அளவு பலத்தை நீங்கள் பயன்படுத்தலாம். பிடித்துத் தள்ளலாம், கையிலிருக்கும் கட்டையைப் பிடுங்கலாம்.

உயிரைப் போக்கும் அளவுக்குப் போக முடியாது. சொத்துக்காக அந்த எல்லைவரை போக 41ஆம் பிரிவு அனுமதிப்பது சில சூழல்களில்தான்: கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். "நாய் செத்துவிடும் என்று நியாயமாகத்தானே பயந்தேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. சூழல் வேறாகக் காட்டினாலொழிய, மரணம் என்றால் மனித மரணம் என்றே சன்ஹிதா விளக்கம் தருகிறது. அந்த வாதம் நிற்காது.

இதைவிட அதிகம் பேரைச் சிக்க வைப்பது நேரம். தற்காப்பு உரிமைக்கு ஆயுள் மிகக் குறைவு. சேதம் விளைவிப்பவன் அதைச் செய்துகொண்டிருக்கும்வரைதான் அந்த உரிமை என்கிறது 43ஆம் பிரிவு. கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான் என்றால் உங்கள் உரிமை அந்த நொடியே முடிந்தது. துரத்திப் போய் முதுகில் அடித்தால் அது தற்காப்பு இல்லை, தாக்குதல். மறுநாள் ஆள் சேர்த்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் அடித்தாலும், முந்தாநாள் நடந்ததற்கு இன்று அடித்தாலும் தாக்குதல்தான். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 118ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது. அதே பிரிவு விலங்கைக் கொண்டு காயப்படுத்துவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே "டேய், பிடிடா" என்று நாயை ஏவிவிடுவதும் ஆயுதத்தை எடுப்பதும் ஒன்றே.

நாயை அடித்தவனைக் கம்பத்தில் கட்டிவைப்பது இன்னொரு வழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். தனிநபர் ஒருவரைப் பிடித்துவைக்க, கண்ணெதிரே நடந்த குற்றம் பிணையில் விட முடியாததாகவும் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிடிபட்டவரை 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கான 325ஆம் பிரிவு பிணையில் விடக்கூடிய குற்றம். கட்டிவைத்தால் சட்டவிரோதச் சிறைவைப்பு என்று உங்கள் மீதே புகார் பாயும்.

எதிரே நிற்பது இன்னொரு நாய் என்றால் கணக்கே வேறு. நாய் குற்றம் செய்யாது, எனவே அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை என்ற பேச்சே எழாது. பெரிய தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்த சிறிய தீங்கு என்று 19ஆம் பிரிவின் கீழ்தான் வாதாட வேண்டும். தண்ணீரை வாரி ஊற்றினீர்களா, கனமான போர்வையைப் போட்டீர்களா, பலகையை நடுவில் செருகினீர்களா என்று கேள்வி வரும். இவற்றைத் தாண்டி நேராக இரும்புக் கம்பிக்குப் போனவருக்குப் பதில் சொல்வது கடினம். அறம் பார்த்தாலும் அதே அளவுகோல்தான்: தெருநாய்க்கும் வலிக்கும், அதுவும் பல நேரம் பயத்தில்தான் கடிக்கிறது. கையை மட்டும் நடுவில் விடாதீர்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

உங்கள் நாய் கயிறில்லாமல் பாய்ந்து, வழியில் போனவர் குச்சியால் அடித்தால்? அவர் தன் உடலைக் காத்துக்கொள்கிறார், அதே 19ஆம் பிரிவு அவருக்கும் துணை நிற்கும். அவர் செய்தது குற்றமில்லை, எனவே உங்களுக்கு எதிர்த்து அடிக்கும் உரிமையும் இல்லை. அலட்சியமாக விலங்கை வைத்திருந்ததற்காக 291ஆம் பிரிவு உங்கள் மீதுதான் வரும்: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கயிற்றைப் பிடியுங்கள்!

நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் கட்டையை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுங்கள். நடக்கும்போதே 112-ஐ அழையுங்கள். யாராவது படம் பிடிக்கட்டும். நாய் இறந்துவிட்டால், அழுகையோடு அழுகையாக உடனே புதைத்துவிடாதீர்கள். விஷ வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். உடலைக் குளிரில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் எழுத்துமூலம் உடற்கூறாய்வு கேளுங்கள். இரைப்பை, கல்லீரல், சிறுநீரக மாதிரிகள் ரசாயன ஆய்வுக்குப் போவதென்றால் ஃபார்மலினில் போடக் கூடாது, செறிந்த உப்புக் கரைசலில் போக வேண்டும். மிச்சமிருக்கும் இரையை வெறுங்கையால் தொடாமல் தனியாகப் பொட்டலம் கட்டுங்கள்.

புகாரில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அதன் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். சன்ஹிதாவின் 325ஐயும் குறிப்பிடுங்கள். அதில் 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். தபால் ரசீதையும் புகாரின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள், நடுவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.