பொதுச் சுகாதாரம் படிக்க வெளிநாடு போகுமுன்

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், செவிலியம் முடித்த பலர் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்காக லண்டனுக்கும் லிவர்பூலுக்கும் பால்டிமோருக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பட்டத்தால் அங்கே நோயாளிகளைப் பார்க்கும் உரிமம் கிடைக்காது. இந்தியாவில் அது சமுதாய மருத்துவ எம்.டி.க்கு ஈடும் ஆகாது. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் நேர்வழி எம்.டி.தான்.

ஒரு ஊரில் நோய் ஏன் பரவுகிறது, ஒரு திட்டம் உண்மையிலேயே பலன் தந்ததா என்பதை எண்களைக் கொண்டு நிறுவக் கற்றுத்தருவதே இந்தப் படிப்பின் பலம். ஆனால் படித்த கையோடு ஜெனீவாவில் வேலை கிடைத்துவிடாது. ஜெனீவாவில் தலைமையகம் உள்ள உலக சுகாதார நிறுவனத்தில், தொழில்முறைப் பணிகளின் கீழ்நிலைகளில் ஒன்றான பி-2 பணிக்கே பொதுவாக 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதற்கு அடுத்த பி-3க்கு 5 ஆண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசநோய்த் திட்டத்திலோ இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போவதே நல்லது. வகுப்பில் சொல்வது அப்போதுதான் புரியும்.

பிரிட்டனில் இது ஓராண்டுப் படிப்பு. செப்டம்பர் கடைசியில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை அடிப்படைப் பாடங்கள், ஜனவரியிலிருந்து விருப்பப் பாடங்கள், கோடையில் ஆய்வேடு. பலர் கோட்டைவிடுவது விருப்பப் பாடங்களில்தான். கணக்குக்குப் பயந்து பொதுவான கொள்கைப் பாடங்களாக எடுத்துவிடுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பதோ ஆர் அல்லது ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் தரவைத் தனியாகக் கையாளத் தெரியுமா என்பதை. தொற்றுநோயியல், புள்ளியியல் மேற்பாடங்களை விடவே விடாதீர்கள்.

ஆய்வேட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஊருக்கு வந்து புதிதாகத் தரவு திரட்டலாம் என்று திட்டமிடுவார்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் இங்குள்ள குழுவும் தனித்தனியே அனுமதி தர வேண்டும். வெளிநாட்டு நிதி இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். கோடை அதிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே திரட்டிய தரவை எடுத்துக்கொண்டு, அக்டோபரிலேயே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள்.

பிரிட்டன் விசாவுக்குக் கல்விக் கட்டணத்தில் செலுத்தாத பாக்கியும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புதான். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை. படிப்புக்குப் பின் அங்கே தங்கும் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு 18 மாதம் மட்டுமே.

பணத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எயிட் மூடப்பட்டது, அதன் நிதியை நம்பியிருந்த ஏராளமான பணிகள் போயின. பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இன்று புதியவர்களோடு ஒரே பணிக்குப் போட்டி போடுகிறார்கள். வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள். முழு உதவித்தொகை கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலை) படிப்பையும் பாருங்கள். காசநோயாளியைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்ததும் இதே சென்னையில்தான்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும், அதே படிப்பைப் போன ஆண்டு முடித்த இந்தியர்கள் இருவரையாவது தேடிப்பிடியுங்கள். இப்போது எங்கே, எத்தனை மாத ஒப்பந்தத்தில், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.