ஒரே கொட்டை, வேறு வேறு வறுவல்: காபியின் ருசி எப்படி மாறுகிறது?

காபிப்பொடிக் கடையில் நாம் சொல்லும் விவரங்கள் பெரும்பாலும் மூன்றுதான். பிளான்டேஷன் ஏ என்ற தரத்துக் கொட்டையா உருண்டையான பீபெரியா, சிக்கரி எத்தனை சதவீதம், பொடி நைஸாக வேண்டுமா கொஞ்சம் கொரகொரப்பாகவா. கொட்டையை எந்தப் பதத்துக்கு வறுத்திருக்கிறார்கள் என்று கேட்பவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. ஆனால் டம்ளரில் வந்து சேரும் ருசியில் பெரும்பங்கு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் பறித்த கொட்டையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் மூன்று நிமிடம் முன்னதாக அடுப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே செடியின் காபி என்று குடிப்பவர் நம்பமாட்டார்.

பச்சைக்கொட்டைக்குக் காபி வாசனை கிடையாது. சாம்பல் கலந்த பச்சை நிறம், பல்லுக்கு மசியாத கடினம், முகர்ந்தால் காய்ந்த புல்லின் வாடை. காபி மணம் என்று நாம் அறிந்தது முழுக்க நெருப்பில் பிறப்பது. அதற்கான சரக்கு மட்டும் கொட்டைக்குள் தயாராக இருக்கிறது. எடையில் பத்து பன்னிரண்டு சதவீதம் ஈரம். காபிச் செடியின் இரண்டு முக்கிய இனங்களில், அராபிகாவில் 6 முதல் 9 சதவீதம் சர்க்கரை, ரொபஸ்டாவில் ஏறக்குறைய அதில் பாதி. குளோரோஜெனிக் அமிலங்கள் என்ற ஒரு குடும்பம், இது ரொபஸ்டாவில் அதிகம். கூடவே புரதம், கொழுப்பு, சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம். காஃபின் அராபிகாவில் 1.2 சதவீதத்தை ஒட்டி, ரொபஸ்டாவில் 2 சதவீதத்துக்கு மேல். வறுப்பது என்பது இந்தச் சரக்கில் எதை அழித்து எதை உண்டாக்குவது என்ற முடிவுதான்.

சுழலும் உருளையில் கொட்டையைப் போட்டதும் முதல் சில நிமிடங்கள் ஈரம் போவதிலேயே கழியும். பச்சை வெளிறி மஞ்சளாகும். புல் வாடை மாறி, ரொட்டி அடுப்பிலிருந்து வருவதுபோல ஒரு வாசனை எழும். கொட்டையின் சூடு 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கத் தொடங்குகின்றன. 1912இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயாரின் பெயரிலேயே இதை இன்றும் அழைக்கிறார்கள். தோசையின் அடிப்பக்கம் முறுகுவதும் இதே வினையால்தான்.

சூடு 200 டிகிரியைத் தொடும் வாக்கில் உருளைக்குள் பட் பட் என்று சத்தம் கேட்கும். கொட்டைக்குள் அடைபட்ட நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. கொட்டை பருத்து, நடுக்கோடு விரிந்து, ஒட்டியிருந்த மெல்லிய தோல் சருகாகப் பறக்கும். இது முதல் வெடிப்பு. இதற்கு முன்னால் எடுத்தால் குடிக்க லாயக்கில்லை, பச்சை வாடை போகாது. 225 டிகிரி சுமாருக்குப் போனால் இரண்டாம் வெடிப்பு. இந்தச் சத்தம் சன்னமானது, சடசடவென்று நெருக்கமாக வரும். இப்போது உடைவது கொட்டையின் நார்க்கட்டமைப்பே. உள்ளே இருந்த எண்ணெய் மேலே கசிந்து கொட்டை பளபளக்கத் தொடங்கும்.

லைட், மீடியம், டார்க் என்று கடைகளில் சொல்லும் எல்லாமே ஏறக்குறைய இந்த இரண்டு வெடிப்புகளைச் சுற்றித்தான் நடக்கிறது. முதல் வெடிப்பு முடியும் தறுவாயில் எடுத்தால் லைட். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் மீடியம். இரண்டாம் வெடிப்பு தொடங்கிய பிறகு எடுத்தால் டார்க். இருபத்தைந்து டிகிரி வித்தியாசம், நேரத்தில் சில நிமிடம்.

நல்ல வறுப்புக்காரர் அந்தச் சில நிமிடத்தில் வேறெதையும் கவனிக்கமாட்டார். உருளையின் முகப்பில் செருகியிருக்கும் சிறு குழல்கரண்டியை உருவுவார், அதில் வந்த பத்துப் பதினைந்து கொட்டையை வெளிச்சத்தில் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், திரும்பச் செருகுவார். பத்து வினாடி கழித்து மறுபடியும். கண், மூக்கு, காது மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்போது கதவைத் திறந்து கொட்டையைத் தட்டில் கொட்டிவிடுவார். தட்டில் துடுப்புகள் கிளற, அடியில் விசிறி காற்றை உறிஞ்சும். ஆறவைக்க ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வெளியே வந்த பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். மீடியத்தில் எடுத்ததை ஆறவைக்கத் தாமதித்தால் அது தட்டிலேயே டார்க்கை நோக்கிப் போய்விடும்.

இனி ருசிக்கு வருவோம். லைட் வறுவலில் கொட்டை தன்னோடு கொண்டுவந்த அமிலங்கள் கணிசமாக மிஞ்சியிருக்கும். சர்க்கரை உடைவதால் புதிதாகக் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் சேரும். அதனால்தான் அந்தக் காபியில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், சில பழங்களின் சாயல் தெரிகிறது. எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே காபியில் மல்லிகை மணம் இருக்கிறது என்று சொல்வது விளம்பரத்துக்காகச் சொல்வதில்லை. லைட்டாக வறுத்து, பாலில்லாமல் குடித்தால் உண்மையிலேயே அந்த மணம் வரும். மண், உயரம், செடியின் ரகம், பழத்தைப் பதப்படுத்திய விதம் எல்லாம் இந்த வறுவலில்தான் நன்றாகத் தெரியும். கொட்டையில் குறை இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

வறுவல் ஏற ஏற இந்த அமிலங்கள் சிதைந்து புளிப்பு குறைகிறது. மீடியத்துக்கு வரும்போது சர்க்கரையும் கிட்டத்தட்ட முழுதும் தீர்ந்துபோயிருக்கும். ஆனாலும் மீடியம் வறுவல்தான் நமக்கு அதிக இனிப்பாகப் படுகிறது! உடைந்த சர்க்கரையிலிருந்து பிறந்த கேரமல் மணப்பொருள்கள் மூக்கு வழியாக இனிப்பை உணர்த்துகின்றன. ஜலதோஷத்தில் மூக்கடைத்திருக்கும்போது காபி வெறும் கசப்பாகத் தெரிவது இதனால்தான்.

மணம் என்று வந்தால் ஒரு பொருளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1920களில் சூரிச்சில் ஹெர்மன் ஸ்டாடிங்கரும் தாடியஸ் ரைஷ்டைனும் செயற்கைக் காபி மணம் செய்யும் முயற்சியில் வறுத்த காபியின் வாசனையைப் பிரித்து ஆராய்ந்தார்கள். இருவரும் பிற்பாடு வேறு வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கியவர்கள். அவர்கள் அடையாளம் கண்டவற்றில் ஒன்று ஃபர்ஃப்யூரில் தயால் என்ற கந்தகச் சேர்மம். தனியாக, நீர்த்த நிலையில் முகர்ந்தாலே காபி என்று சொல்லிவிடும் அளவுக்கு இதற்குச் சக்தி. வறுவல் ஏறும்போது இதுவும் ஏறுகிறது. அதோடு புகைவாடை தரும் குவையாக்கால் போன்றவையும் ஏறுவதால் டார்க் வறுவலில் புகை, கருகல், கசப்புச் சாக்லேட் ஆகிய மணங்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

கசப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கசந்தால் காஃபின் அதிகம், டார்க் காபி குடித்தால் தூக்கம் வராது என்பார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹோஃப்மன் குழு 2007இல் வெளியிட்ட முடிவுகள் வேறு கதை சொல்கின்றன. நாம் உணரும் கசப்பில் காஃபினின் பங்கு 15 சதவீதம் அளவுதான். மீதிக்கு மூலம் பெரும்பாலும் அந்தக் குளோரோஜெனிக் அமிலங்கள். லைட், மீடியம் வறுவலில் அவை லாக்டோன்களாக மாறுகின்றன, இவற்றின் கசப்பு இதமானது. மேலும் வறுத்தால் லாக்டோன்கள் உடைந்து ஃபீனைலிண்டேன்கள் உண்டாகின்றன. டார்க் காபி குடித்து வெகுநேரமாகியும் நாக்கில் தங்கும் அந்த முரட்டுக் கசப்பு இவற்றினுடையது.

காஃபினோ வறுவலில் அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. ஒரு கிலோ பச்சைக்கொட்டை லைட்டாக வறுத்தால் 870 கிராம் சுமாருக்கும், டார்க்காக வறுத்தால் 800 கிராம் சுமாருக்கும் வந்து நிற்கும். காஃபின் அப்படியே இருந்து மற்றவை குறைவதால், எடைக்கு எடை பார்த்தால் டார்க்கில் ஒரு பொட்டு அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் டார்க் கொட்டை உப்பி லேசாகிவிடுவதால், கொட்டையை எடைபோடாமல் கரண்டியால் அளந்து போட்டால் லைட்டில்தான் அதிகம். இரண்டு வித்தியாசமும் சொற்பம். தூக்கம் கெடக்கூடாது என்று கவலைப்படுபவர் பார்க்க வேண்டியது பொடியில் ரொபஸ்டா எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைத்தான்.

இரண்டாம் வெடிப்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டால் வயநாட்டுக் கொட்டைக்கும் ஏற்காட்டுக் கொட்டைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மண்ணின் ருசி போய் நெருப்பின் ருசி மட்டும் நிற்கும். மட்டமான சரக்கை நன்றாகக் கருக்கி விற்க வசதியாக இருப்பதும் இதனால்தான். அதற்காக டார்க் என்றாலே மட்டம் என்று தள்ளிவிடுவதும் அநியாயம். இத்தாலியில் தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் போகப் போக வறுவல் கருத்துக்கொண்டே போகும், ரொபஸ்டாவும் தாராளமாகச் சேரும். ஒரு வாய் அளவு எஸ்பிரெஸோவில் அந்தக் கனம்தான் அவர்களுக்கு வேண்டும். தெரிந்து, அளவோடு செய்த டார்க் வறுவலை நான் மதிக்கிறேன். விவசாயி ஒரு வருடம் காத்துப் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்த கொட்டையைக் கவனமின்மையால் கருக்கிவிடுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நம்முடைய ஃபில்டர் காபிக்கு எது பொருந்தும்? பால் சேர்ப்பதால் கணக்கே மாறிவிடுகிறது. பாலின் கேசின் புரதம் காபியின் துவர்ப்பும் கசப்பும் தரும் சேர்மங்கள் சிலவற்றைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு மீதியை மழுக்கும். லைட் வறுவலின் நுட்பமான பூமணம் பாலில் அமுங்கி, புளிப்பு மட்டும் தனியே தலைநீட்டும். அது நன்றாகவே இருக்காது. பாலைத் தாண்டி வர, மீடியத்துக்குச் சற்று மேலே, இரண்டாம் வெடிப்பு கேட்கப்போகும் நேரத்தில் எடுத்த கொட்டைதான் சரி என்பது என் கட்சி. கேரமல் மணம் உச்சத்தில் இருக்கும், கருகல் இன்னும் வந்திருக்காது. பீபெரியை வறுப்பவர்கள் விரும்புவதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே விளைவதால் அது உருண்டையாக இருக்கும், உருளையில் புரண்டு புரண்டு சூடு சீராக வாங்கும்.

அப்புறம் சிக்கரி. இது காபியே இல்லை, ஒரு செடியின் வேர். காஃபின் கிடையாது. அதிலுள்ள இனுலின் என்ற கார்போஹைட்ரேட் வறுபடும்போது உடைந்து கேரமலாகி, டிகாக்ஷனுக்குக் கருமையும் கெட்டியும் தருகிறது. பொடி கறுப்பாக இருப்பதைப் பார்த்து நன்றாக வறுத்த காபி என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது சிக்கரியின் நிறத்தை. இந்தியச் சட்டப்படி கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதாவது சிக்கரி 49 வரை போகலாம். அந்த அளவுக்குப் போனால் கொட்டை எது, வறுவல் எது என்பதற்கெல்லாம் அர்த்தமே இல்லை. பத்து, பதினைந்து சதவீதத்தில் நிறுத்தினால் கொட்டையும் பேசும், வறுவலும் பேசும்.

வறுவலை அறிய அரைப்பதற்கு முன் கொட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பதே எளிய வழி. மேற்பரப்பு எண்ணெயில்லாமல் மங்கலாக, மரப்பழுப்பாக இருந்தால் மீடியம். புதிதாக வறுத்ததிலேயே எண்ணெய் மின்னினால் டார்க். மீடியம் என்று சொல்லும் கொட்டையில் எண்ணெய் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது நாள்பட்டதாக இருக்கலாம். டார்க் கொட்டையில் துளைகள் அதிகம், எண்ணெயும் வெளியே வந்துவிட்டதால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். டார்க் பிடிக்கும் என்றால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது.

டிகாக்ஷன் போடும் விதமும் வறுவலுக்கேற்ப மாற வேண்டும். லைட் கொட்டை இறுகியது, எளிதில் எதையும் விட்டுக்கொடுக்காது. பொடி சற்று நைஸாக இருக்கட்டும், தண்ணீரைக் கொதித்த சூட்டோடு ஊற்றலாம். டார்க் பொடியில் சாரம் விரைவாக இறங்கிவிடும். கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றினால் முரட்டுக் கசப்பு குறையும். இரண்டாம் டிகாக்ஷன் எடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மீடியம் வறுவல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். டார்க்கில் நல்லதெல்லாம் முதல் தடவையிலேயே இறங்கிவிட, மெதுவாகக் கரையும் கசப்புதான் இரண்டாம் தடவைக்கு மிஞ்சும். எந்த வறுவலானாலும் டிகாக்ஷனை மணிக்கணக்காகச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். லாக்டோன்கள் தண்ணீரோடு வினைபுரிந்து மறுபடியும் அமிலமாகிவிடும், காலையில் இதமாக இருந்த அதே டிகாக்ஷன் மதியத்தில் புளிக்கும்.