மேலே எறிந்த பந்தும் இயற்பியல் வகுப்பும்

நியூட்டனின் விதிகளை நடத்தி முடித்த மறுநாள், முதலாண்டு மாணவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: செங்குத்தாக மேலே எறிந்த பந்து, கையை விட்டுப் பிரிந்து மேலேறிக்கொண்டிருக்கும்போது, காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அதன்மீது செயல்படும் விசைகள் எவை? இரண்டாம் விதியை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுபவர்களிலும் பலர், புவியீர்ப்பு விசையோடு ‘கை கொடுத்த விசை’ என்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறியையும் வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போது பந்தின்மீது செயல்படுவது புவியீர்ப்பு விசை மட்டுமே. கணக்குக்கு விடை சரியாக வந்தாலும் கருத்து பிடிபடவில்லை என்பதை அந்த அம்புக்குறி காட்டிவிடுகிறது.

கணக்குப் போடுவதற்கும் கருத்தைப் புரிந்துகொள்வதற்கும் உள்ள இந்த இடைவெளியை அளக்கவே அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனெஸும் அவருடைய சகாக்களும் 1992-இல் விசை பற்றிய ஒரு கருத்துத் தேர்வை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு ரிச்சர்ட் ஹேக் 1998-இல், 62 வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6,500 மாணவர்களை ஒப்பிட்டார். பாடம் தொடங்குமுன் எழுதிய தேர்வில் மாணவர்கள் இழந்த மதிப்பெண்ணில், மரபான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையே மீட்டன. மாணவர்கள் தாமே சிந்தித்து விவாதித்த வகுப்புகள் 48 விழுக்காட்டை மீட்டன.

ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990-களில் வளர்த்தெடுத்த முறையையே நான் பின்பற்றுகிறேன். முதலில் ஒவ்வொருவரும் யாருடனும் பேசாமல் தம் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைகள் பிரிந்து நின்றால், வேறு விடை சொன்ன அண்டை மாணவரோடு இரண்டு நிமிடம் வாதிட்டு, மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டும். “விசை இல்லாமல் பந்து எப்படி மேலே போகும்?” என்று ஒரு மாணவி கேட்க, “மேலே தள்ளும் விசை இருந்தால் கையை விட்ட நொடியிலிருந்தே அதன் வேகம் ஏன் குறைகிறது?” என்று பக்கத்திலிருந்தவர் திருப்பிக் கேட்டார். அவள் சற்று யோசித்துவிட்டு, தான் வரைந்த அம்புக்குறியைத் தானே அழித்தாள். அந்த இரண்டு நிமிடமும் ஆசிரியர் விடையைச் சொல்லாமல் இருப்பதுதான், என் அனுபவத்தில், இம்முறையின் கடினமான பகுதி.

“இப்படி நடத்தினால் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது?” என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. சூத்திரங்களைப் படிப்படியாகப் பெறும் வருவித்தல்களில் ஒரு பகுதியை வகுப்புக்கு முன்பே படித்துவரச் செய்தால் நேரம் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய தடை மாணவர்களின் மனநிலை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே சிந்தித்துக் கற்கும் செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால், சீரான விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாகத் தாங்கள் உணர்ந்ததாகக் கூறினார்கள். திணறிச் சிந்திப்பதைப் புரியாமை என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அதனால் பருவத்தின் முதல் வாரத்திலேயே இந்த முடிவை மாணவர்களுக்குக் காட்டி, வகுப்பில் தவறாகச் சொல்லும் விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதையும் நான் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.