வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் கதை

என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ளும் ஓர் ஆயில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அது எரிந்து குறைவதில்லை. பல புதிய கார்களில் அதைத் தொட்டுப் பார்க்க டிப்ஸ்டிக்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கார்களில் சொல்லிவிடுகிறார்கள். யாருடைய வாழ்நாள் என்பதை மட்டும் சொல்வதில்லை. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. காரை விற்றவர் ஒன்றும் கியர்பாக்ஸைச் செய்தவர் இன்னொன்றும் சொன்னால், நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு அதிக வேலை இல்லை. பற்சக்கரங்கள் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை, அங்கே ஆயிலும் ஓர் உதிரிபாகம்தான். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று உருண்டையாக ஓர் இரும்புக் கூடு இருக்கும். உள்ளே எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒன்றை என்ஜின் சுழற்றும். அது வீசியடிக்கும் ஆயில் மற்றொன்றின் இறக்கைகளில் மோதி அதைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையே இரும்பு இணைப்பு இல்லாததால்தான் சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றாலும் என்ஜின் அணைந்துபோவதில்லை. கப்பல் என்ஜின்களுக்காக இந்த யோசனைக்கு ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் காப்புரிமை எடுத்தது 1905இல்.

கியர் மாற்றுவதும் ஆயிலின் பொறுப்புதான். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை, குறுகலான வழிகள் வளைந்து வளைந்து ஓடும் வால்வு பாடி வேண்டிய இடத்துக்கு அனுப்பும். அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஒரு கிளட்ச் அடுக்கை நெருக்கும். எந்த அடுக்கு பிடிக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் கியர். அடுக்கில் ஒரு தகடு எஃகு, அடுத்தது மேலே மெல்லிய உராய்வுப் பூச்சு ஒட்டியது என்று மாறி மாறி இருக்கும். அந்தப் பூச்சு பெரும்பாலும் காகித நாரால் ஆனது. ஆம், ஒன்றரை டன் காரை நகர்த்தும் விசை ஆயிலில் ஊறிய காகிதத்தின் வழியாகத்தான் போகிறது!

இங்கேதான் சிக்கலே. பேரிங்குகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் இந்த ஆயில் வழுக்க வேண்டும். அதே ஆயில் கிளட்ச் தகடுகளுக்கு இடையே வந்தால் பிடிக்கவும் வேண்டும். அதுவும் வெடுக்கென்று பிடித்தால் கார் குலுங்கும், மெதுவாகப் பிடித்தால் தகடு கருகும். இந்தப் பக்குவத்துக்காக ஆயிலில் உராய்வைச் சரிக்கட்டும் சேர்மங்களைக் கலக்கிறார்கள். 1970களின் தொடக்கம் வரை அந்த வேலைக்குப் பயன்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பிறகுதான் மாற்றுக் கலவைகளைத் தேட வேண்டியதாயிற்று.

அப்புறம் ஏன் கெடுகிறது? முதல் எதிரி சூடு. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மலை ஏற்றம், நெரிசல், பின்னால் பாரம் இழுப்பது என்று வந்தால் இன்னும் ஏறும். ஆக்சிஜனோடு சேர்ந்து ஆயில் கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. கெட்ட ஆயில் வால்வுகளில் பழுப்பாக, வார்னிஷ் பூசியது போலப் படியும். ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகள் பற்சக்கரங்களில் நசுங்கி அறுந்துபோகும். உராய்வுச் சேர்மங்களும் தீர்ந்துகொண்டே வரும். அவை தீர்ந்ததன் முதல் அறிகுறி, ஒரே சீரான மிதவேகத்தில் போகும்போது ஓரிரு நொடிகள் வண்டி நடுங்குவது. சாலையில் வரிவரியாகப் போட்ட மேடுகளின் மேல் ஓடுவது போலிருக்கும். சீரான வேகத்தில் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்ட கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச், பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் தடுமாறுகிறது.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புது ஆயிலின் சிவப்பு வெறும் சாயம், கசிந்தால் அடையாளம் தெரிவதற்காகப் போட்டது. அது மங்கிப் பழுப்பாவது இயல்பு. மூக்கு இன்னும் நம்பகமானது. கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடு எரிந்திருக்கலாம்.

சரி, வீட்டிலேயே மாற்றலாமா? முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகையில் கூம்பு உருளைகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. அங்கே எஃகும் எஃகும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கான ஆயிலே வேறு. சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை அதில் ஊற்றினால் பட்டை வழுக்கி உருளையைக் கீறிவிடும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதிய டப்பாவை நான் தொடுவதில்லை. கையேட்டில் எந்தத் தரக்குறியீடு இருக்கிறதோ, அதுதான்.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து அளவு தப்பும். அதனால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுப்பவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, அவருக்கு வேண்டியது நல்ல புத்தி. கொதிக்கக் கொதிக்க ஆயிலை இறக்காதீர்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும்.

இனிச் சொல்வதை மறந்துவிடாதீர்கள்: கீழே வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். நான் முதல் தடவை இதைச் செய்யவில்லை. ஆயிலை வடித்துவிட்டு மேலே வந்தால், ஊற்றும் போல்ட் துருப்பிடித்து அலுமினியத்தோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே போதிய ஆயில் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. அரை நாள் போராடினேன்.

வடிந்ததை அளவுக் குறியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். அந்த எண்தான் பிறகு உங்களுக்கு வழிகாட்டி. அடித்தட்டைக் கழற்றினால் (சில கார்களில் ஃபில்டரும் அதோடு வந்துவிடும்) உள்ளே ஒரு காந்தம் இருக்கும், சிலவற்றில் இரண்டு மூன்றும் இருக்கும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான். காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு சேறு. விரலால் வழித்தால் மை போல ஒட்டும், நெருடாது. எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டரில் எஃகு தேய்ந்து தேய்ந்து ஆன மாவு அது. அதற்குப் பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் செதில்களோ, பற்சக்கரத்தின் உடைந்த துணுக்கோ கிடைத்தால்தான் கவலை. அடித்தட்டு போல்ட்டுகள் சிறியவை, அலுமினியத்தில் ஏறுபவை. கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் மரை போய்விடும்.

வடிந்த அளவைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். 9 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் மூன்றரை, நான்கு லிட்டர்தான் இறங்கியிருக்கும். மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடுகிறது. 40 விழுக்காடு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மாற்றினால் பழையது 60 விழுக்காடு மிச்சம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் 36, மூன்றாம் தடவை 22. அதற்குமேல் செய்வது வீண் செலவு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்ற மெஷின் இருக்கிறது. ஆனால் பொறுமை இருந்தால் இந்தத் தவணை முறையே எனக்குப் பிடிக்கும்.

வடித்து ஊற்றுவதைவிட அளவு பார்ப்பதுதான் கஷ்டம். ஆயில் சூட்டில் விரியும். 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80க்கு ஏறினால் சுமார் 350 மில்லி கூடும். அதனால்தான் டிப்ஸ்டிக் இல்லாத பல கியர்பாக்ஸ்களில் குறிப்பிட்ட வெப்பநிலையில், பெரும்பாலும் 30 முதல் 50 டிகிரிக்குள், என்ஜின் ஓடும்போதே அளவுத் துளையைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். மெல்லிய நூலாக வழிந்தால் சரி. வெப்பநிலையை, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி எடுங்கள், ஆயில் எல்லா வழிகளிலும் நிரம்பட்டும். டிப்ஸ்டிக் இருப்பவற்றிலும் பெரும்பாலும் என்ஜின் ஓட வேண்டும். ஹோண்டாவின் பல கார்களில் மட்டும் அணைத்தவுடன் பார்க்க வேண்டும்.

குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் அதே கதிதான்: சுழலும் சக்கரங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை அழுத்தத்தைத் தாங்காமல் நசுங்கும், கிளட்ச் வழுக்கும்.

'ரொம்ப நாள் மாற்றாமல் விட்டால் தொடாதே, மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. மெஷின் வைத்து வேகமாக அலசினால் பழைய படிவுகள் கிளம்பி வால்வை அடைக்கலாம். ஆனால் பெரும்பாலான கதைகளில் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்றும் நினைப்பே வந்திருக்கும். தேய்ந்துபோன காகிதப் பூச்சைப் புது ஆயில் திருப்பிக் கொண்டுவராது. நடுக்கம் மட்டும்தான், வழுக்கல் இல்லை என்றால் நிலைமை வேறு. பல தடவை ஆயில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே அது அடங்கிவிடும்.